வேலையும் வீட்டுக் கடனும்

தாணேயின் கோட்பந்தர் சாலையில் வானளாவ நிற்கும் அடுக்கு வீடுகளுள் வங்கிக் கடனால் வாங்கப்பட்டவை பல. நம் பெற்றோருள்ளும் அக்கடனைச் சுமப்போர் உளர்.

30 இலட்சம் ரூபாயை 9 விழுக்காட்டு வட்டியில், 20 ஆண்டுகளில் அடைப்பதாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 26,990 ரூபாய். முதல் தவணையில் 22,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். வட்டி 8 விழுக்காடானால் தவணை 25,090 ஆகும். குறைந்த வட்டிக்குத் தரும் வங்கிக்குக் கடனை மாற்ற மக்கள் விழைவது இதனாலன்றோ?

2020-இல் கொரோனா பரவியபோது ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 விழுக்காடாகக் குறைத்தது. வட்டி இறங்கிய அதே வேளையில் பலருக்கு வேலையும் போயிற்று. கடன் மாற்றம் பாதியில் நிற்கையில் வேலை போனால் என்ன ஆகும்?

புதிய வங்கிக்கு அது புதுக் கடனே. வருமானச் சான்றின்றி அது பணம் தராது. ஒப்புதல் கடிதம் தந்திருப்பினும் நிறுத்திவிடலாம். வேலை போனதை மறைத்துக் கையொப்பமிடுவதோ மோசடியாகும்.

ஆயின் பழைய கடன் முன்போலவே நிற்கும். சிறு கட்டணம் பெற்று வட்டியைக் குறைக்கும் வழக்கம் பல வங்கிகளில் உண்டு. அதனைக் கேட்டுப் பார்க்கலாம். தவணை 90 நாள் தவறினால் அது வாராக்கடன். பின்னர், 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் அறிவிப்பு. அதன்பின் வீட்டையே வங்கி கைப்பற்றலாம். ஆகவே, முதல் தவணை தவறுமுன்னரே பழைய வங்கிக்குச் சென்று நிலைமையைச் சொல்லி, தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேட்டல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை.