‘கீ...ச்’ சத்தத்தில் கடிதம் அனுப்பிய கம்ப்யூட்டர்: ஃபேக்ஸ் மோடத்தின் கதை!

2018, நவம்பர் 21. ஜம்மு காஷ்மீரில் ஆட்சி அமைக்க உரிமை கோரி ஆளுநருக்குக் கடிதம் எழுதினார் மெஹ்பூபா முஃப்தி. 56 எம்.எல்.ஏ-க்களின் ஆதரவு இருப்பதாகச் சொன்ன அந்தக் கடிதத்தை ராஜ்பவனுக்கு ஃபேக்ஸ் அனுப்பப் பார்த்தார்கள். போகவில்லை. வேறு வழியின்றி அதை ட்விட்டரில் வெளியிட்டார் அவர். அன்று இரவே சட்டசபை கலைக்கப்பட்டது.

அன்று விடுமுறை, ஃபேக்ஸை வாங்க அலுவலகத்தில் ஆள் இல்லை என்று பிறகு விளக்கம் சொன்னார் ஆளுநர் சத்யபால் மாலிக். ஃபேக்ஸ் கிடைத்திருந்தாலும் தன் முடிவு மாறியிருக்காது என்றும் சொன்னார். ஆனால், ‘ஃபேக்ஸ் எல்லாம் இன்னுமா இருக்கு?’ என்ற கேள்விதான் அப்போது பலருக்கும் எழுந்தது.

இருக்கிறது. அதற்கென்று தனி மெஷின்கூட அவசியமில்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு டெலிபோன் லைன் போதும். அது எப்படி வேலை செய்கிறது? இவ்வளவு வசதிகள் வந்த பிறகும் உலகம் ஏன் அதை விட மறுக்கிறது?

டெலிபோனுக்கும் முந்தையது!

ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் பெயின், கம்பி வழியாகப் படத்தை அனுப்பும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது 1843-ல். கிரகாம் பெல்லின் டெலிபோன் காப்புரிமை 1876-ல்தான் வந்தது. அதாவது, ஃபேக்ஸ் என்ற யோசனைக்கு டெலிபோனைவிட 33 வயது அதிகம்.

ஆனால், அலுவலகம்தோறும் அது நுழைந்தது 1980-க்குப் பிறகுதான். ‘குரூப் 3’ என்ற சர்வதேசத் தரம் அந்த ஆண்டு வந்தது. எந்த கம்பெனி மெஷினும் எந்த கம்பெனி மெஷினுடனும் பேசலாம் என்ற நிலை வந்ததும் ஃபேக்ஸ் வேகமெடுத்தது. நம் ஊர் எஸ்.டி.டி பூத் போர்டுகளில் ஜெராக்ஸுக்குப் பக்கத்தில் ஃபேக்ஸும் இடம்பிடித்தது.

1985-ல் அமெரிக்காவின் காமாலிங்க் நிறுவனம், கம்ப்யூட்டருக்குள் செருகும் ‘காமாஃபேக்ஸ்’ என்ற கார்டைக் கொண்டுவந்தது. அதன் பிறகு கனடாவின் டெல்ரினா நிறுவனத்தின் ‘வின்ஃபேக்ஸ்’ மென்பொருள் வந்தது. கடிதத்தை டைப் செய்து ‘பிரின்ட்’ கொடுத்து, பிரின்டருக்குப் பதில் ஃபேக்ஸைத் தேர்ந்தெடுத்தால் போதும். பேப்பரே இல்லாமல் கடிதம் கிளம்பிவிடும்.

அந்தச் சத்தத்தில் என்ன பேசிக்கொண்டார்கள்?

ஃபேக்ஸ் போகும்போது கேட்கும் ‘கீ...ச்’ சத்தம் உண்மையில் ஓர் உரையாடல்.

நம்பரைச் சுழற்றியதும், அனுப்பும் மோடம் மூன்று விநாடிக்கு ஒருமுறை 1,100 ஹெர்ட்ஸில் குட்டியாக ஒரு ‘பீப்’ கொடுக்கும். ‘நான் மனுஷன் இல்லை, ஃபேக்ஸ்’ என்று அதற்கு அர்த்தம். எதிர்முனை 2,100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு சத்தம் கொடுத்துப் பதில் சொல்லும். பிறகு, ‘என்னால் இவ்வளவு வேகம் முடியும், உன்னால்?’ என்று பேரம் நடக்கும். வழக்கமான உச்ச வேகம் விநாடிக்கு 14,400 பிட்கள். லைனில் இரைச்சல் இருந்தால் 9,600, 4,800, கடைசியாக 2,400 என இறங்கி வருவார்கள்.

அதன் பிறகுதான் பக்கம் போகும். குறுக்கே ஒரு வரிக்கு 1,728 புள்ளிகள். சாதாரணத் தரத்தில் ஓர் ஏ4 பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம் புள்ளிகள். அப்படியே அனுப்பினால் 9,600 வேகத்தில் மூன்றரை நிமிடம் ஆகும். ஆனால், ஒரு கடிதத்தில் பெரும்பகுதி வெள்ளைதானே? ‘இங்கிருந்து 1,500 புள்ளி வெள்ளை’ என்று சுருக்கிச் சொல்லிவிடுவதால், சாதாரணக் கடிதம் ஒரு நிமிடத்துக்குள் போய்விடும்.

பக்கம் முடிந்ததும் எதிர்முனை ஒரு பதில் அனுப்பும். ‘கிடைத்தது’ என்பதுதான் அது. அந்தப் பதில் வந்தால்தான் அனுப்பியவரின் திரையில் ‘சென்றது’ என்று வரும். ஃபேக்ஸின் உயிரே இந்த ஒற்றைப் பதிலில்தான் இருக்கிறது.

வசதி பாதி, அவஸ்தை மீதி

மோடம் வழியாக அனுப்பிய ஃபேக்ஸ் மெஷினில் அனுப்பியதைவிடத் தெளிவாக இருக்கும். பேப்பரை ஸ்கேன் செய்யும்போது வரும் கோணல், கறை எதுவும் இதில் இல்லை. வாங்கும் பக்கமும் லாபம்தான். பழைய மெஷின்களின் தெர்மல் பேப்பரில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். அதற்குப் பயந்தே வந்த ஃபேக்ஸை உடனே ஜெராக்ஸ் எடுத்து வைப்பார்கள். கம்ப்யூட்டருக்கு வந்த ஃபேக்ஸோ படக்கோப்பாகப் பத்திரமாக இருக்கும்.

தொல்லைகளும் உண்டு. ஃபேக்ஸ் எப்போது வருமோ என்று கம்ப்யூட்டரை ஆன் செய்தே வைக்க வேண்டும். பாதியில் யாராவது பக்கத்து அறையில் ரிசீவரை எடுத்தால் எல்லாம் குளோஸ். கால் வெயிட்டிங் ‘பீப்’ ஒன்றே சில சமயம் போதும், பக்கம் கெட்டுப்போக. பல மோடம்களில் மேலே சொன்ன உரையாடலையே கம்ப்யூட்டர்தான் நடத்த வேண்டும். அது வேறு வேலையில் மூழ்கிப் பதில் சொல்லத் தாமதித்தால் லைன் துண்டாகிவிடும். கையெழுத்துப் போட்ட காகிதத்தை அனுப்ப வேண்டுமென்றால் ஸ்கேனரும் தேவை.

ஏன் இன்னும் விடவில்லை?

2018-ல் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் கிட்டத்தட்ட 9,000 ஃபேக்ஸ் மெஷின்கள் இருப்பது தெரியவந்தது. 2019 ஜனவரி முதல் புதிதாக வாங்கத் தடை, 2020 மார்ச் 31-க்குள் எல்லாவற்றையும் ஒழிக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. ஜப்பானில் 2021-ல் அமைச்சர் டாரோ கோனோ, அரசு அலுவலகங்களில் ஃபேக்ஸை நிறுத்தச் சொன்னார். அலுவலகங்களிலிருந்து நூற்றுக்கணக்கான ஆட்சேபங்கள் வந்து குவிந்தன. அமெரிக்காவில் டாக்டர்களும் மருத்துவமனைகளும் நோயாளியின் ரிப்போர்ட்டை இன்றும் ஃபேக்ஸில் பரிமாறிக்கொள்கிறார்கள்.

காரணம் பழக்கம் மட்டுமல்ல. இந்த மருத்துவமனையின் மென்பொருளும் அந்த மருத்துவமனையின் மென்பொருளும் ஒன்றோடொன்று பேசாது. ஃபேக்ஸ் எல்லோரோடும் பேசும். கூடவே அந்தக் ‘கிடைத்தது’ என்ற பதில். இ-மெயிலில் அப்படி ஓர் உறுதி தானாக வருவதில்லை.

கிடைத்தது... ஆனால் யாருக்கு?

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. ‘கிடைத்தது’ என்று சொல்வது மோடம்தான், மனிதர் அல்ல. ஒரே ஒரு எண் மாறிவிட்டால், ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு முன்பின் தெரியாதவர் கையில் இருக்கும். அனுப்பியவரின் திரையிலோ ‘சென்றது’ என்றே இருக்கும். சரியான நம்பருக்கே போனாலும், பேப்பர் தட்டில் கிடக்கும் ரிப்போர்ட்டை அந்தப் பக்கம் போகிற எவரும் படிக்கலாம்.

2018 ஆகஸ்ட்டில் செக் பாயின்ட் நிறுவன ஆய்வாளர்கள் இன்னோர் ஆபத்தையும் காட்டினார்கள். ஃபேக்ஸ் நம்பர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஃபேக்ஸ் வசதியுள்ள ஒரு பிரின்டரைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்து, அது இணைந்திருந்த நெட்வொர்க்குக்குள்ளும் நுழைந்து காட்டினார்கள். ஹெச்.பி நிறுவனம் அந்த ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டது.

இன்று அனுப்ப வேண்டுமென்றால்...

* விண்டோஸில் ‘ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன்’ என்ற வசதி இருக்கிறது. புதிய லேப்டாப்களில் மோடம் இருக்காது. யு.எஸ்.பி-யில் செருகும் ஃபேக்ஸ் மோடம் வாங்க வேண்டும்.

* செம்புக் கம்பி வழி வரும் பழைய லேண்ட்லைன் என்றால் நல்லது. ஃபைபர் இணைப்பில் வரும் போனில் ஃபேக்ஸ் தடுமாறலாம். குரலுக்காகச் செய்த சுருக்கத்தில் மோடத்தின் சத்தம் சிதைந்துவிடும். ‘டி.38’ என்ற முறையை உங்கள் இணைப்பு ஆதரிக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

* அடிக்கடி தோல்வியடைந்தால் மோடம் செட்டிங்கில் வேகத்தை 9,600-க்குக் குறைத்துப் பாருங்கள்.

* நம்பரை இரண்டு முறை சரிபாருங்கள். முதல் பக்கத்தில் யாருக்கு, மொத்தம் எத்தனை பக்கம் என்று எழுதுங்கள். மருத்துவ, வங்கி விவரம் என்றால், அனுப்பும் முன் ஒரு போன் செய்து அவரை மெஷின் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

அனுப்பிய பிறகும் ஒரு போன் செய்துவிடுங்கள். ‘கிடைச்சுதா?’ என்ற கேள்விக்கு மோடத்தின் பதிலோடு, ஒரு மனிதரின் பதிலும் வந்தால்தான் கடிதம் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம்!