நம்பர் மாறியும் ஓடிபி பழைய நம்பருக்கே போவது ஏன்? டேட்டாபேஸ் பாடம் சொல்லும் பதில்

ஆன்லைன் கடையில் மொபைல் நம்பரை மாற்றியாச்சு. புரொஃபைலிலும் புது நம்பர்தான் காட்டுகிறது. ஆனால் டெலிவரி ஓடிபி பழைய நம்பருக்கே போகிறது. அந்த நம்பர் இப்போது யார் கையிலோ!

எங்கே தப்பு?

ஒவ்வொரு ஆர்டரோடும் வாடிக்கையாளரின் நம்பரைச் சேர்த்துப் பதிந்தால் இப்படி நடக்கும். 50 ஆர்டர் என்றால் 50 இடத்தில் அதே நம்பர். ஒரு இடத்தில் மாற்ற விட்டுப்போனாலும் சிக்கல்தான்.

தீர்வு என்ன?

கல்லூரி டேட்டாபேஸ் பாடத்தின் அடித்தளமே இதுதான். ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970-ல் முன்வைத்த 'ரிலேஷனல் மாடல்', தகவல்களை டேபிள்களாகப் பார்க்கிறது. 1981-ல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

வாடிக்கையாளருக்கு ஒரு டேபிள், ஆர்டருக்கு இன்னொன்று. வாடிக்கையாளர் டேபிளில் ஒவ்வொருவருக்கும் தனி ஐடி. அது பிரைமரி கீ. ஆர்டர் டேபிளில் அந்த ஐடி மட்டும் இருக்கும். அங்கே அது ஃபாரின் கீ. நம்பர் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். இப்படிப் பிரிப்பதுதான் நார்மலைசேஷன்.

விலையையும் இப்படிப் பிரிக்கலாமா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். போன மாதம் 500 ரூபாய்க்கு விற்ற பொருள் இன்று 700 ரூபாய். அதற்காகப் பழைய பில்லிலும் 700 என்று வரலாமா? கூடாது. இன்றைய விலை ஒரு தகவல்; அன்று விற்ற விலை வேறொரு தகவல். இரண்டையும் தனித்தனியாகத்தான் வைக்கணும்.

எஸ்கியூஎல் கட்டளைகளைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். எது ஒரே தகவல், எது வேறு தகவல் என்பதை மட்டும் வடிவமைப்பவர்தான் யோசித்து முடிவு செய்யணும்.