வாயில்லா நோயாளி

அறுவைச் சிகிச்சைக்குப் போகும் மனிதனிடம், "அஞ்ச வேண்டாம், மயக்க மருந்து கொடுப்போம், வலி தெரியாது, சிறிது நேரத்தில் விழித்துக்கொள்வீர்கள்" என்று மருத்துவர் கூறுகிறார். அந்தச் சொல்லே பாதி மருந்தாகிறது. நாயிடமும் பூனையிடமும் இவ்வாறு கூற வழியில்லை. தன்னை ஏன் பட்டினி போட்டார்கள், அறியாத இடத்துக்கு ஏன் கொண்டுவந்தார்கள், கண் விழிக்கும்போது கால்கள் ஏன் தன் வசத்தில் இல்லை என்பதொன்றும் அதற்கு விளங்காது. சொல்லால் தேற்ற முடியாத அவ்வுயிரை எவ்வாறு தேற்றுவது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

மயக்க மருந்தின் வரலாறு மிகப் பழையதன்று. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர், ஈதர் ஆவியை முகரச் செய்து ஒரு நோயாளியை மயக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டிலேயே எடின்பரோ நகரில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோபாரத்தைக் கையாண்டார். அதற்கு முன்பெல்லாம் மனிதரையும் விலங்கையும் இறுகப் பிடித்துக்கொண்டே அறுத்தார்கள். இன்று ஒரு நாய்க்குச் சிகிச்சை செய்வதாயின், புரோப்போபால் போன்ற மருந்தை இரத்த நாளத்தில் செலுத்தி உறங்க வைக்கிறார்கள். பின்பு மூச்சுக்குழலுள் ஒரு மெல்லிய குழாயை இறக்கி, ஐசோபுளூரேன் என்னும் ஆவியைப் பிராணவாயுவுடன் கலந்து ஊட்டுகிறார்கள். அதற்குரிய கருவி இல்லாத இடங்களில் கெட்டமின் போன்ற ஊசி மருந்துகளைக் கொண்டே மயக்குவதும் உண்டு. எவ்வகையாயினும் அறுவையின் வலியை மருந்து பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரமே வளர்ப்பவர் பொறுப்பில் வருவது.

அந்தப் பொறுப்பில் நானே தவறியதை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் செல்லி என்றொரு நாட்டு நாய் உண்டு. என் பேத்தி வளர்ப்பது. அதன் மடியில் ஒரு கட்டி தோன்றியது. அறுத்து எடுப்பதற்கு நாள் குறித்த மருத்துவர், முதல் நாள் இரவுக்குப் பின் உணவு எதுவும் கொடுக்கலாகாது என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் காலையில் நான் சிற்றுண்டிக்கு அமர்ந்தபோது, செல்லி வழக்கம்போல் வந்து என் முகத்தைப் பார்த்தது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. எவரும் காணாத வேளையில் இரண்டு இட்டலியைப் பிட்டுப் போட்டேன்.

மருத்துவமனையில், "காலையில் ஏதேனும் தின்றதா?" என்று மருத்துவர் கேட்டார். "ஒன்றும் இல்லை, டாக்டர்" என்றாள் பேத்தி. அவள் அறிந்த வரையில் அது உண்மை. பல்லாண்டுக் காலம் பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்பித்த நான், ஒரு கணம் வாயடைத்து நின்றேன். பேத்தியின் முன்னே தலைகுனிய நேருமே என்ற கூச்சம். வந்த பயணம் வீணாகுமே என்ற எண்ணம். ஆயினும் சொல்லிவிட்டேன். மருத்துவர் சினம் கொள்ளவில்லை. "ஐயா, நீங்கள் சொன்னது நல்லதாயிற்று. இரண்டு நாள் கழித்து வாருங்கள்" என்றார்.

பட்டினிக்குக் காரணம் இதுதான். நாம் உண்ணும்போது உணவு மூச்சுக்குழலுள் புகாதபடி தொண்டை தானே காவல் செய்கிறது. மயக்கத்தில் அந்தக் காவல் நின்றுபோகும். இரைப்பையில் உணவு இருந்தால், அது மேலெழுந்து நுரையீரலுள் இறங்கிவிடலாம். அதனால் மூச்சு அடைபடும்; அல்லது கொடிய நுரையீரல் அழற்சி உண்டாகும். என் இரக்கம் செல்லியின் உயிரையே குடித்திருக்கக் கூடும்! பட்டினிக் காலம் விலங்கின் வயதையும் வகையையும் பொறுத்தது; குட்டிகளுக்கு நெடுநேரப் பட்டினி ஆகாது. முயலால் வாந்தி எடுக்க இயலாது; அதன் குடலும் ஓயாமல் இயங்க வேண்டும்; ஆகவே அதனைப் பட்டினி போடுவதில்லை. எத்தனை மணி நேரம் என்பதையும் தண்ணீர் கொடுக்கலாமா என்பதையும் மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும். முன்பு வந்த நோய், கொடுத்துவரும் மருந்து, தவறித் தின்றது ஆகிய யாவற்றையும் மறையாது கூற வேண்டும். அந்த நோயாளிக்கு நம் வாயே வாய்.

இரண்டாவது, நம் மனநிலை. 2022ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரத்துக் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதர் மனக்கலக்கம் அடையும்போது அவருடைய மூச்சிலும் வியர்வையிலும் உண்டாகும் மாற்றத்தை நாய்கள் மோப்பத்தால் பிரித்தறிவதைக் காட்டினார்கள். ஆதலால், கட்டித் தழுவி அழுது விடைகொடுப்பது ஆறுதலாகாது. தாழ்ந்த குரலில் வழக்கமான சொற்களைப் பேசுங்கள். அது படுத்துப் பழகிய பழந்துணி ஒன்றை உடன் அனுப்புங்கள். அறியாத இடத்தில் அறிந்த மணம் ஒரு துணை.

மூன்றாவது, விழிக்கும் வேளை. அறுவை முடிந்ததும் ஆபத்து முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். பிரிட்டனில் நடத்தப்பெற்று 2008இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, மயக்கம் தொடர்பான மரணம் நாய்களில் ஏறக்குறைய 600க்கு ஒன்று; பூனைகளில் 400க்கு ஒன்று. அவ்வாறு இறந்த நாய்களிலும் பூனைகளிலும் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலுமோ இறந்தது அறுவை முடிந்த பின்னரே; அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். ஆகவே, மருத்துவர் விடை கொடுக்கும் வரை அவசரப்படுத்தி அழைத்துவரலாகாது.

செல்லியை அன்று மாலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கட்டிலில் கிடத்தாமல் தரையிலேயே துணி விரித்தோம். தள்ளாடும் விலங்கு உயரத்திலிருந்து விழுந்துவிடும். மயக்கத்தில் உடற்சூடு குறையுமாதலால் போர்வை போர்த்தினோம். கொதிநீர்ப் புட்டியை மேனியில் வைப்பது தவறு, சுட்டாலும் அதற்கு விலகத் தெரியாது. விளக்கைக் குறைத்தோம்; காண வந்தோரைத் திருப்பி அனுப்பினோம். சற்று நேரத்தில் அது முனகி, காலை உதைத்து, என்னைப் பார்த்தே உறுமியது. பேத்தி முகத்தருகே கையை நீட்டினாள், நான் தடுத்தேன். தெளியாத மயக்கத்தில் அதற்கு ஆள் தெரியாது. கடித்தாலும் அது அதன் குற்றமன்று. எட்ட அமர்ந்து பெயரை மட்டும் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தோம். இரவு பத்து மணி அளவில் வால் அசைந்தது. அதன் பின்னரே சிறிது தண்ணீரும், பிறகு ஒரு பிடி குழைந்த சோறும் கொடுத்தோம்.

குழாய் இருந்த உறுத்தலால் ஓரிரு நாள் சிறு இருமல் இருக்கலாம். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஈறு வெளுத்தாலும் நீலம் பாய்ந்தாலும், மூச்சுத் திணறினாலும், எழுப்பியும் எழாவிட்டாலும், புண்ணிலிருந்து குருதி நில்லாது வழிந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். புண்ணை நக்காதிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு வளையத்தை, பார்க்கப் பாவமாயிருக்கிறது என்று கழற்றிவிடாதீர்கள். பூனை இரண்டு வளர்ப்போர், திரும்பி வந்ததைத் தனி அறையில் வையுங்கள். மருத்துவமனை மணத்தால் மற்றது அதனை அயலாகக் கருதிச் சண்டையிடும். நம் வீட்டு வலி மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஐபுபுரோபன் நாய்க்கும் பூனைக்கும் கேடு.

மறுநாள் பேத்தி என்னிடம், "தாத்தா, அன்றைக்கு நீங்கள் ஏன் இட்டலி போட்டீர்கள்?" என்று கேட்டாள். "அதன் பசி எனக்குத் தெரிந்தது, அதன் ஆபத்துத் தெரியவில்லை" என்றேன். நண்பர்களே, இரக்கம் உங்களிடம் இயல்பாகவே இருக்கிறது. அதனை நான் கற்பிக்க வேண்டியதில்லை. செய்ய வேண்டியது எது என்பதைக் கேட்டறிந்த பின் இரக்கம் காட்டுங்கள். உங்களை நம்பிக் கண் மூடிய உயிர், நலமாய்க் கண் விழிக்கும்.