செய்தால் போதுமா? காக்க வேண்டாமா?

செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஏரி வெட்டுவது ஒரு தலைமுறையின் வேலை. அதன் கரையைக் காப்பது எல்லாத் தலைமுறைகளுக்கும் வேலை. கரையில் ஓர் எலி வளை இருந்தால் போதும். அடைக்க ஆள் இல்லாவிட்டால், ஒரே மழையில் ஏரி உடைந்துவிடும்.

இது விவசாயிக்குத் தெரிந்த பாடம். இதே பாடத்தை இன்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர்களும் படித்து வருகிறார்கள்!

பழைய மாமல்லபுரம் சாலையில், நாவலூரைத் தாண்டி, கேளம்பாக்கத்துக்கு முன்னால் இருப்பது படூர். 1985-ம் ஆண்டில் இங்கே இந்துஸ்தான் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. பக்கத்தில் சிறுசேரி தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. முதுகில் பையுடன் போகும் வாலிபர்களையும் இளம்பெண்களையும் இந்தச் சாலை முழுவதும் பார்க்கலாம்.

"உங்கள் பிள்ளைக்கு என்ன வேலை?" என்று பெற்றோரைக் கேட்டால், "கம்ப்யூட்டர் வேலை" என்பார்கள். அந்த வேலையில் பல வகை உண்டு. இணையதளங்களுக்குத் துணைப் பாகம் செய்வது அதில் ஒரு வகை.

வீடும் மின்விசிறியும்

அது என்ன துணைப் பாகம்?

செல்போனில் ஒரு கடையின் பெயர், பொருள்களின் படம், விலை எல்லாம் தெரிகிறது அல்லவா? அதுதான் இணையதளம். முன்பெல்லாம் அதில் ஒரு வரியை மாற்றுவதற்கும் கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும். இப்போது கடைக்காரரே மாற்றிக்கொள்ளலாம். அதற்கென்று அடிப்படை மென்பொருள்கள் வந்துவிட்டன. 'உள்ளடக்க மேலாண்மை அமைப்பு' என்று அவற்றைச் சொல்கிறார்கள். பெயர்தான் பெரிது. விஷயம் எளிது. அது சுவரும் கூரையும் உள்ள ஒரு வீடு.

வீடு இருந்தால் மட்டும் போதுமா? மின்விசிறி வேண்டும். தண்ணீர் இறைக்க மோட்டார் வேண்டும். அவற்றை நாம்தான் வாங்கி மாட்டிக்கொள்கிறோம். இணையதளமும் அப்படியே. பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பப் படிவம் வேண்டும். கடைக்குப் பணம் வாங்கும் வசதி வேண்டும். மாமல்லபுரத்து விடுதிக்கு அறை பதிவு செய்யும் வசதி வேண்டும். இப்படித் தனியாகச் செய்து மாட்டுவதுதான் துணைப் பாகம். 'பிளக்-இன்' என்றும் 'மாட்யூல்' என்றும் சொல்வார்கள்.

கிராமம் துளி ஆனது!

பெல்ஜியம் நாட்டில் டிரீஸ் பைட்டார்ட் என்று ஒரு மாணவர் இருந்தார். விடுதி நண்பர்கள் செய்தி பரிமாறிக்கொள்ள ஒரு தளம் அமைத்தார். அதற்கு 'டோர்ப்' என்று பெயர் வைக்க நினைத்தார். டச்சு மொழியில் 'கிராமம்' என்று பொருள். பெயரைப் பதிவு செய்யும்போது எழுத்து மாறி 'டிராப்' ஆகிவிட்டது. அதாவது, துளி! அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் விட்டுவிட்டார்.

2001-ம் ஆண்டில் அந்த மென்பொருளை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். துளியைக் குறிக்கும் டச்சுச் சொல்லில் இருந்து 'ட்ரூபல்' என்ற பெயர் பிறந்தது.

'வேர்டுபிரஸ்' என்ற மென்பொருளின் கதை இன்னும் விசித்திரமானது. முன்பு 'பி2' என்று ஒரு மென்பொருள் இருந்தது. அதைச் செய்தவர் கவனிப்பதை நிறுத்திவிட்டார். பயன்படுத்தி வந்தவர்கள் தவித்தார்கள். அமெரிக்காவில் 19 வயது மேட் முல்லன்வெக், இங்கிலாந்தில் மைக் லிட்டில் ஆகிய இருவரும் அதைக் கையில் எடுத்தார்கள். 2003-ம் ஆண்டு மே 27-ந் தேதி வேர்டுபிரஸ் வெளிவந்தது. மறு ஆண்டே துணைப் பாகங்களை மாட்டும் வசதியும் வந்தது.

இன்று உலகில் உள்ள 100 இணையதளங்களில் 40-க்கு மேல் வேர்டுபிரசில் ஓடுகின்றன. அதன் களஞ்சியத்தில் சுமார் 60 ஆயிரம் துணைப் பாகங்கள் இருக்கின்றன.

'படூர்' என்று எழுதினால்...

துணைப் பாகம் செய்வது சிரமமா? சின்னதாக ஒன்றை ஒரே நாளில் செய்துவிடலாம். சிரமம் அதன் பிறகுதான் தொடங்குகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 'படூர்' என்று எழுதுங்கள். நம் கண்ணுக்கு 3 எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது 5 குறி. 'ப', 'ட', அதன் ஊகாரக் குறி, 'ர', அதன் மேல் வைக்கும் புள்ளி. இந்த 5 குறிகளையும் இணையத்தில் வழக்கமான முறையில் சேமித்தால் 15 பைட்டு இடம் பிடிக்கும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டுதான்.

ஆங்கிலத்தை மட்டும் நினைத்துச் செய்த துணைப் பாகம், நீண்ட தலைப்பைப் பைட்டுக் கணக்கில் வெட்டும். அப்போது தமிழ் எழுத்தின் நடுவே கத்தி விழும்! புள்ளி பறிபோகும். கொம்பு தனியே நிற்கும். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வரும். செய்தவர் வேறொரு நாட்டில் இருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. இங்கே இருந்து ஒருவர் குறையை எழுதி அனுப்ப வேண்டும். அவர் படித்துப் புரிந்துகொண்டு திருத்த வேண்டும். இந்தப் போக்குவரத்துக்குத்தான் பராமரிப்பு என்று பெயர்.

அது மட்டுமா? அடிப்படை மென்பொருளில் புதிய பதிப்புகள் வந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் மொழியும் மாறும். ட்ரூபலும் வேர்டுபிரசும் 'பி.எச்.பி.' என்ற மொழியில் எழுதப்பட்டவை. அதன் 8-வது பதிப்பு 2020-ம் ஆண்டு நவம்பரில் வந்தது. நேற்று வரை ஓடிய பல துணைப் பாகங்கள் அதில் ஓடாமல் நின்றுவிட்டன. கவனிக்க ஆள் இருந்தவை பிழைத்தன. மற்றவை போயின.

திறந்து கிடந்த பின்கதவு

நின்றுபோனால் நட்டம். திறந்து கிடந்தால் ஆபத்து!

இணையதளத்தில் உள்ள கோப்புகளைக் கையாள ஒரு துணைப் பாகம் உண்டு. பெயர் 'பைல் மேனேஜர்'. சுமார் 7 லட்சம் தளங்களில் அது மாட்டப்பட்டிருந்தது. மாதிரிக்கு வைத்திருந்த ஒரு கோப்பு அதற்குள் இயங்கும் நிலையில் தங்கிவிட்டது. கடவுச்சொல் இல்லாமலே அதன் வழியாக யாரும் உள்ளே நுழையலாம். 2020-ம் ஆண்டு செப்டம்பரில் திருடர்கள் அந்தப் பின்கதவைக் கண்டுபிடித்தார்கள். திருத்திய பதிப்பு உடனே வந்தது. ஆனாலும், அதை மாட்டிக்கொள்ளாத தளங்களுக்குள் திருடர்கள் புகுந்தார்கள்.

2017-ம் ஆண்டில் நடந்தது வேறு விதம். 'டிஸ்பிளே விட்ஜெட்ஸ்' என்ற துணைப் பாகத்தைச் சுமார் 2 லட்சம் தளங்கள் பயன்படுத்தி வந்தன. செய்தவர் அதை விற்றுவிட்டார். வாங்கியவர் புதிய பதிப்பு என்ற பெயரில் கள்ள நிரலை உள்ளே வைத்து அனுப்பினார். அது பிறர் தளங்களில் விளம்பரப் பக்கங்களை வெளியிட்டது. தளத்தின் சொந்தக்காரர் உள்ளே போய்ப் பார்த்தால் மட்டும் அவை தெரியாது! உண்மை வெளிப்பட்டதும் வேர்டுபிரஸ் களஞ்சியம் அந்தப் பாகத்தை நீக்கியது. பூட்டுச் செய்தவரை நம்பினோம். சாவி கைமாறியது நமக்குத் தெரியவில்லை.

2014-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி ட்ரூபலின் அடிப்படையிலேயே ஓர் ஓட்டை இருப்பது அறிவிக்கப்பட்டது. 7 மணி நேரத்துக்குள் அடைக்காதவர்கள், தங்கள் தளத்தில் திருடன் புகுந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழு பின்னர் எச்சரித்தது. 7 மணி நேரம்! ஒருவர் படுத்துத் தூங்கி எழும் நேரம்.

நடு ராத்திரியில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து வேலை செய்தால், காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

கூலி யார் கொடுப்பது?

துணைப் பாகங்களில் பெரும்பாலானவை இலவசம். இலவசமாகக் கொடுத்தவருக்கும் வயிறு உண்டு. நூறு பேர் நூறு கேள்வி கேட்பார்கள். பதில் தாமதமானால் கோபிப்பார்கள். கூலி கொடுக்கிறவர் நூற்றில் ஒருவர் இருந்தால் பெரிது. அதனால் சிலர் ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு பராமரிக்கிறார்கள். சிலர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு வழி என்ன? பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதே வழி. செங்கல்பட்டு 2019-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி தனி மாவட்டம் ஆனது. அதன் இணையதளம் தேசிய தகவலியல் மையத்தின் 'எஸ்3வாஸ்' என்ற மேடையில் நிற்கிறது. நாட்டின் வேறு பல மாவட்டங்களின் தளங்களும் அதே மேடையில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனியாகக் காவல் காக்க வேண்டியது இல்லை. ஓர் இடத்தில் ஓட்டையை அடைத்தால் எல்லோருக்கும் பயன்.

இது நமக்குப் புதியதும் அல்ல. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு, பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபையில் 'ஏரி வாரியம்' இருந்தது. ஏரியைக் கவனிக்கவே குடவோலை மூலம் ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். காப்பதும் ஒரு வேலை, அதற்குப் பொறுப்பான ஆள் வேண்டும் என்று அன்றே கல்லில் எழுதி வைத்தார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

கடைக்கோ, பள்ளிக்கோ, சங்கத்துக்கோ இணையதளம் வைத்திருக்கிறீர்களா? அமைத்துத் தந்தவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

எத்தனை துணைப் பாகங்கள் மாட்டியிருக்கிறீர்கள்? ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? பழுதானால் பதில் சொல்பவர் யார்? தளம் முழுவதற்கும் பிரதி எடுத்து வேறு இடத்தில் வைத்திருக்கிறீர்களா? பயன்படாத பாகங்களை எடுத்துவிட்டீர்களா?

களஞ்சியத்தில் ஒவ்வொரு துணைப் பாகத்தின் பக்கத்திலும் அது புதுப்பிக்கப்பட்ட காலம் போட்டிருக்கும். பல ஆண்டு பழையது என்றால் தொடாதீர்கள். தளம் அமைக்கப் பணம் ஒதுக்கும்போதே, காப்பதற்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "புதிதாக என்ன செய்தாய்?" என்றே பிள்ளையைக் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். "இன்று எதைப் பழுது பார்த்தாய்?" என்றும் கேளுங்கள். அதுவும் பெருமைக்குரிய வேலைதான்.