முட்டை உடைந்தால்தான் பாடம்

பள்ளி மாடியிலும் நிலவின் தரையிலும் கேள்வி ஒன்றுதான்: விழும் பொருளை எப்படிக் காப்பாற்றுவது? பெங்களூர் விஞ்ஞானிகளுக்கு விடை கிடைக்க நான்கு ஆண்டுகள் பிடித்தன.

மூன்றாவது மாடியிலிருந்து ஒரு முட்டை தரையைத் தொட ஒன்றரை விநாடிகூட ஆவதில்லை. 10 மீட்டர் உயரம் என்றால், தரையில் மோதும்போது அதன் வேகம் மணிக்கு 50 கி.மீ. நகரச் சாலையில் ஓடும் காரின் வேகம். ஸ்ட்ரா, பழைய செய்தித்தாள், பஞ்சு, செலோ டேப் ஆகியவற்றை வைத்துக்கொண்டு இந்த முட்டையைக் காப்பாற்ற வேண்டும். பல நாடுகளின் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர்கள் நடத்தும் முட்டைப் போட்டியின் நிபந்தனை இவ்வளவுதான்.

வேகமாக விழுவதால் மட்டும் முட்டை உடைவதில்லை. சட்டென்று நிற்கும்போதுதான் உடைகிறது. சிமெண்ட் தரையில் விழும் முட்டை சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றாக வேண்டும். அதைச் சுற்றி 10 செ.மீ. கசங்கக்கூடிய காகிதக் கூடு இருந்தால் நிற்பதற்கான தூரம் கூடுகிறது. தூரம் 20 மடங்கு கூடினால் முட்டையைத் தாக்கும் விசை ஏறத்தாழ 20-ல் ஒரு பங்காகிவிடும். கிரிக்கெட் ஆட்டக்காரர் பந்தைப் பிடிக்கும்போது கைகளைப் பின்னால் இழுத்துக்கொள்வதும் இதற்காகத்தான். ரப்பர் உறை துள்ளி மறுபடியும் விழும். கசங்கும் காகிதமோ மோதலின் ஆற்றலைத் தானே விழுங்கிவிடும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோலும், விபத்தில் நசுங்கும்படி அமைக்கப்படும் காரின் முன்பகுதியும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

காற்றில்லாத ஊரில்

மாணவர்களின் செல்லத் தீர்வு பாராசூட். செவ்வாயில் மெல்லிய காற்றாவது உண்டு. 1997 ஜூலை 4 அன்று அங்கே இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் பாராசூட்டில் வந்து, எஞ்சின்களை எரித்து வேகம் குறைந்து, கடைசியில் காற்றுப் பைகளுக்குள் பொதிந்தபடி 15 தடவைக்கு மேல் துள்ளி ஓய்ந்தது. நிலவில் காற்றே இல்லை. எஞ்சின்களை எதிர்த்திசையில் எரித்து வேகத்தைக் கொல்ல வேண்டும். மிஞ்சும் வேகத்தைக் கால்கள் தாங்க வேண்டும்.

பெங்களூரில் உருவான விக்ரம் தரையிறங்கு கலத்துக்கு வைக்கப்பட்ட பரீட்சை இதுதான். 2019 செப்டம்பர் 7 அதிகாலை, இஸ்ட்ராக் கட்டுப்பாட்டு மையத்தில் பிரதமர் நரேந்திர மோடி பார்த்துக்கொண்டிருக்க, சந்திரயான்-2-ன் விக்ரமிலிருந்து வந்த சமிக்ஞை நின்றுபோனது. நிலவில் மோதி நொறுங்கிய கலத்தின் சிதறலை, நாசா வெளியிட்ட படங்களிலிருந்து அடையாளம் காட்டியவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். அதை 2019 டிசம்பரில் நாசா உறுதி செய்தது.

முட்டை உடைந்துவிட்டது. ஏன்? 2023 ஜூலையில் அப்போதைய இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத் மூன்று காரணங்களை வெளிப்படையாக அடுக்கினார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை கொடுத்தன. அதனால் சேர்ந்த பிழைகளைத் திருத்த கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. மென்பொருள் அதற்கு வரம்பு வைத்திருந்தது. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். அதை எட்டிப் பிடிக்கும் முயற்சியில் வேகம் கூடியது. அதாவது, தரையைத் தொடுவதற்கு முன்பே விபத்து தொடங்கிவிட்டது. கால்களை மட்டும் பலப்படுத்தியிருந்தால் பயனிருந்திருக்காது.

நாமக்கல் மண்

அடுத்த முறை எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்ற பட்டியலிலிருந்தே வடிவமைப்பு தொடங்கியது. விழுப்புரத்துக்காரரான பி. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3-ல் எஞ்சின்கள் நான்காகக் குறைந்தன. எரிபொருள் கூடியது. வேகத்தை அளக்கப் புதிய லேசர் கருவி வந்தது. இறங்குமிடம் சுமார் 4 கி.மீ. நீளமும் 2.5 கி.மீ. அகலமுமாக விரிந்தது. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தாங்கும்படி இருந்த கால்கள் 3 மீட்டரைத் தாங்கும்படி பலப்படுத்தப்பட்டன. பூமியில் 20 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தால் வரும் வேகம் முதலாவது; முழங்கால் உயரத்திலிருந்து விழுந்தால் வருவது இரண்டாவது. வித்தியாசம் சிறிதாகத் தெரியும். ஆனால் தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்கு.

நிலவு மண்ணைப் போன்ற பொடியைப் பரப்பி, அதில் கால்களை வெவ்வேறு விதங்களில் இறக்கிச் சோதித்தார்கள். அந்தப் பொடிக்கான பாறை கிடைத்தது, முட்டைக்குப் பெயர்போன நாமக்கல் மாவட்டத்தில்தான். சித்தம்பூண்டி வட்டாரத்து அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு விக்ரம் நிலவின் தென்துருவப் பகுதியில் பத்திரமாக நின்றது. நாடே பட்டாசு வெடித்தது.

வகுப்பறைகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. வழக்கமாக உடையாத முட்டைக்குப் பரிசு. உடைந்தது குப்பைக் கூடைக்கு. போட்டி அங்கேயே முடிந்துவிடுகிறது. முட்டையை முதலில் ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டிவிட்டால் தரையும் பாழாகாது, விரிசல் எந்தப் பக்கம் விட்டது என்றும் பார்க்கலாம். கூடு தலைகீழாகத் திரும்பியதா, பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கியதா, டேப் பிய்ந்ததா என்று எழுதி வைத்து, அதே குழுவுக்கு அடுத்த வாரம் இன்னொரு முட்டை கொடுக்கலாம். மதிப்பெண்ணை அந்த இரண்டாவது முட்டைக்குத் தரலாம். தப்பிய முட்டை அதிர்ஷ்டத்தால் தப்பியிருக்கலாம். காரணம் தெரிந்து தப்பிய முட்டைதான் அறிவியல்.

இறங்கிய பிறகும் இஸ்ரோ சும்மா இருக்கவில்லை. 2023 செப்டம்பர் 3 அன்று விக்ரமின் எஞ்சின்களை மறுபடியும் இயக்கி, சுமார் 40 செ.மீ. உயரம் எழுப்பி, சற்றுத் தள்ளி மீண்டும் இறக்கிப் பார்த்தார்கள். கால்கள் தாங்கின.