ஒரே கம்ப்யூட்டரில் பல கெர்னல்கள்! எதைத் தேர்ந்தெடுப்பது?

லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரைத் திறந்ததும் சில சமயம் ஒரு பட்டியல் வந்து நிற்கும். ஒன்றன்கீழ் ஒன்றாக ஏதேதோ எண்கள் இருக்கும். "ஐயோ, கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதே!" என்று பலர் பதறுவார்கள்.

பதற வேண்டாம். அது ஆபத்தில் உதவுவதற்காக வைக்கப்பட்ட பட்டியல்!

கெர்னல் என்றால் என்ன?

'கெர்னல்' என்றால் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. லினக்சின் பருப்பு அதுதான். திரை, விசைப்பலகை, வைபை ஆகிய எல்லாவற்றையும் வேலை வாங்குவது அதுவே.

இதை 1991-ம் ஆண்டில் எழுதத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர். அப்போது அவருக்கு வயது 21.

எண்களின் பொருள்

பட்டியலைக் காட்டுவது 'கிரப்' என்ற சிறு புரோகிராம். உபுண்டு என்ற லினக்சில் '6.8.0-45' என்று ஒரு வரி இருக்கலாம். 6.8 என்பது கெர்னலின் பதிப்பு. 45 என்பது உபுண்டுக்காரர்கள் கொடுத்த வரிசை எண். கீழே '6.8.0-44' இருந்தால், அது முந்தியது.

'ரெக்கவரி மோட்' என்று எழுதியிருப்பது, பழுது பார்ப்பதற்கான வழி.

பழையது எதற்கு?

புது விதை வாங்கிய விவசாயி, பழைய விதையை உடனே தீர்த்துவிடுவாரா? கொஞ்சம் ஒதுக்கி வைப்பார். லினக்சும் அப்படியே. புது கெர்னல் வந்தாலும் பழையதை வைத்திருக்கும். பெடோரா என்ற லினக்ஸ் வழக்கமாக 3 கெர்னல்களை வைத்திருக்கிறது.

புது கெர்னலுடன் சில கருவிகள் ஒத்துப்போகாமல் போவது உண்டு. திரை இருண்டுவிடும். அல்லது வைபை வேலை செய்யாது.

என்ன செய்வது?

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போடுங்கள். உபுண்டுவில் பட்டியல் தானாக வராவிட்டால், தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பழைய ரக கம்ப்யூட்டரானால் ஷிப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் போங்கள். அங்கே முந்திய எண்ணைத் தேர்ந்தெடுத்து என்டர் விசையைத் தட்டுங்கள். பல சமயம் இதுவே போதும்!

"எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம்" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். குழந்தையின் முதல் பிறந்தநாள் படம், மகனின் பாடக் குறிப்பு, வீட்டுக் கணக்கு எல்லாம் போய்விடும். கெர்னலை மாற்றித் திறந்தாலோ, அவற்றில் ஒன்றுகூடக் கலையாது.

பழையதிலேயே இருந்துவிடலாமா?

கூடாது. திருட்டுத்தனமாக நுழைபவர்களைத் தடுக்கும் திருத்தங்கள் புது கெர்னலில்தான் வரும். ஆகவே, அடுத்த புது கெர்னல் வந்ததும் அதைப் போட்டுப் பாருங்கள். அது சரியாக ஓடும்வரை, நன்றாக ஓடும் பழைய கெர்னலை அழித்துவிடாதீர்கள்!