கால்குலஸா, கால்குலையா? மெடிக்கல் ரிப்போர்ட்டில் ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும்?

கிட்னி ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ரீனல் கால்குலஸ்' என்ற வார்த்தையை பார்த்திருப்பீங்க. சிலரது ரிப்போர்ட்டில் அதுவே 'ரீனல் கால்குலை' என்று இருக்கும். எழுத்துப்பிழையா? இல்லை. முதலாவது ஒரு கல். இரண்டாவது, ஒன்றுக்கு மேற்பட்ட கற்கள்!

ஏன் இந்த வித்தியாசம்?

தமிழில் 'கள்' சேர்த்தால் பன்மை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் கடைசியில் 'எஸ்' சேர்த்தால் போதும். ஆனால் மருத்துவச் சொற்களில் பல, லத்தீன், கிரேக்க மொழிகளில் இருந்து வந்தவை. வரும்போது தங்கள் பன்மை விதியையும் கூடவே கொண்டு வந்துவிட்டன. லத்தீனில் கால்குலஸ் என்றால் சிறு கல் என்றே பொருள். கற்களை வைத்து எண்ணிய பழக்கத்தால், கணக்குப் பாடத்துக்கும் அதே பெயர் வந்தது.

ஒருமை - பன்மை எப்படி மாறும்?

* பாக்டீரியம் - பாக்டீரியா
* ஓவம் (கருமுட்டை) - ஓவா
* வெர்டிப்ரா (முதுகெலும்பு) - வெர்டிப்ரே
* த்ராம்பஸ் (ரத்தக்கட்டி) - த்ராம்பை
* டயக்னோசிஸ் (நோயறிதல்) - டயக்னோசீஸ்

எல்லாமே இந்த விதிக்குள் அடங்காது. 'வைரஸ்' பன்மையில் 'வைரஸஸ்' தான். 'பைசெப்ஸ்' பன்மை போல ஒலித்தாலும் அது ஒரே தசையின் பெயர்.

சிக்கல் எங்கே?

டாக்டர் பேசிய ஆடியோவைக் கேட்டு ரிப்போர்ட்டாக டைப் செய்வதுதான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். இதில் காதை ஏமாற்றும் ஜோடி, மெட்டாஸ்டாசிஸ் - மெட்டாஸ்டாசீஸ். புற்றுநோய் வேறு இடத்துக்குப் பரவியதைக் குறிக்கும் சொல் இது. 'சி' குறிலா, 'சீ' நெடிலா என்பதே வித்தியாசம். மூளையில் ஒரே இடத்தில் பரவியிருந்தால், அதை ஆபரேஷனில் அகற்றலாமா என்று டாக்டர்கள் யோசிக்க வாய்ப்பு உண்டு. பல இடங்கள் என்றால் சிகிச்சைத் திட்டமே மாறலாம்.

எப்படி கண்டுபிடிப்பது?

வாக்கியத்தில் 'இஸ்' வருகிறதா, 'ஆர்' வருகிறதா, 'மல்டிபிள்' போன்ற சொல் இருக்கிறதா என்று டைப் செய்பவர்கள் கவனிப்பார்கள். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால், யூகித்து எழுதக் கூடாது. அந்த இடத்தை காலியாக விட்டு, டாக்டரின் கவனத்துக்கு கொண்டு போக வேண்டும்.

உங்கள் ரிப்போர்ட்டிலும் இப்படி ஒரு வார்த்தை குழப்பினால், 'ஒண்ணா, நிறையவா?' என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.